கம்பிக்கு உடன்படிக்கை, கைகளுக்கு என்ன?

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி வடக்கே செல்லும் பெருவீதியிலே, நகரத்தின் நெரிசல் தீர்ந்த சிறிது தூரத்தில், பலாபத்வலச் சந்தி வருகிறது. பெரிய ஊரன்று. கடைத்தெரு ஒன்று, மிளகு காயும் முற்றங்கள், அப்பால் தோட்டங்கள், அவற்றுக்கும் அப்பால் மலைகள். கொழும்பு ஏடுகளில் இவ்வூரின் பெயர் வருவதென்றால் பெரும்பாலும் வீதி விபத்துச் செய்தியில்தான் வரும். ஆயினும் இந்த வீதிக்கு ஒரு வரலாறு உண்டு. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, தமிழகக் கரையில் தோணியேறி மன்னாரில் இறங்கிய நம் மூதாதையர், கோப்பித் தோட்டங்களை நாடிக் காடு கடந்து, தம்புள்ளை கடந்து, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த வடபாதை இது. வந்து சேர்ந்தோர் கோப்பிக்கு உரமாயினர். வாராதோர் வழியிலேயே மண்ணாயினர். மாத்தளைக்குப் புகையிரதம் 1880இல்தான் வந்தது.

அன்று இப்பாதையில் வந்தது உழைப்பு. இனி இதே திசையிலிருந்து மின்சாரம் வரப்போகிறது என்கிறார்கள்!

2025 ஏப்பிரல் 5ஆம் நாள், இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்திருந்தபோது, இரு நாட்டு மின்தொகுதிகளையும் இணைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. அதே நாளில் சம்பூர் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. மேடையில் மாலை, மேசையில் பேனா, ஏடுகளில் படம். “பிராந்திய ஒத்துழைப்பு”, “பசுமை ஆற்றல்”, “புத்தாக்கம்” என்ற சொற்கள் அன்று பொழிந்ததைப்போல் மழை பொழிந்திருந்தால் மகாவலி அணைகள் நிரம்பி வழிந்திருக்கும்.

இணைப்பை நாம் எதிர்க்கவில்லை. இதனைத் தொடக்கத்திலேயே சொல்லி வைக்கின்றோம். ஏனெனில் கேள்வி கேட்பவனையெல்லாம் எதிரி என்று எழுதும் பழக்கம் இந்நாட்டில் பழையது. அண்டை நாடுகள் ஆற்றலைப் பகிர்ந்துகொள்வது நன்று. நாம் கேட்பது வேறு. கம்பியை இணைக்க ஒப்பந்தம் எழுதினீர்கள். அக்கம்பியின் இரு முனையிலும் நின்று வேலை செய்யவேண்டிய கைகளை இணைக்க என்ன எழுதினீர்கள்? அந்தக் கைகளுக்கு யார், எங்கே, எந்த மொழியில் தொழில் கற்பிக்கப் போகிறார்கள்?

குரங்கின் மீது பழி

இக்கேள்வி வெறும் வாய்ச்சண்டையன்று என்பதை 2025 பெப்ரவரி 9ஆம் நாள் காட்டிற்று. அன்று ஞாயிற்றுக்கிழமை. முற்பகலிலே நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்தது என்றனர். அனுமன் கடல் தாண்டி வந்து ஒரு நகரைத்தான் எரித்தான். இக்குரங்கோ வேலி தாண்டி ஒரு நாட்டையே இருட்டாக்கிவிட்டது என்று மக்கள் நகைத்தனர். உலகமும் நகைத்தது.

நகைத்து முடித்தபின் மின்சார சபையே ஒரு விளக்கம் தந்தது. அதுவே உண்மையில் கவனிக்கத்தக்கது. அன்று விடுமுறை நாள், மின்தேவை குறைவு. வானில் நல்ல வெயில். கூரைகளிலிருந்து பாய்ந்த சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுதி. நீர்மின் நிலையத்துச் சுழலியும், அனல் நிலையத்துச் சுழலியும் கனத்த இரும்புருளைகள்; எங்கோ ஒரு கோளாறு நேர்ந்தாலும் அவை தம் பாரத்தினாலேயே சில விநாடி சுழற்சியைத் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சில விநாடியில் தொகுதி சமாளித்துக்கொள்ளும். சூரியத் தகட்டிலோ சுழல்வது ஒன்றுமில்லை. தாங்கிப் பிடிக்கும் பாரம் குறைந்திருந்த வேளையில் அடி விழுந்தது, தொகுதி சரிந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்தது சித்திரைப் புத்தாண்டு. அலுவலகமும் ஆலையும் மூடும் நாட்கள். ஏப்பிரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி மட்டும், கூரைச் சூரிய மின்சாரத்தை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது. மூன்றாண்டுக்கு முன், 2022 மார்ச் முடிவில், எரிபொருள் வாங்க டொலர் இன்றி நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் கிடந்த நாடு இது! அதே நாடு வெயிலைப் பார்த்து “இன்று வேண்டாம், போய் வா” என்று கூறும் நிலைக்கு வந்தது. பஞ்சத்தில் அடிபட்டவன் விளைந்த நெல்லைக் களத்திலேயே விட்டுச் சென்ற கதையன்றோ இது?

தகடுகளின் குற்றமா? இல்லை. 2016 செப்டம்பரில் “சூரியபல சங்கிராமய” என்ற பெயரில் சூரிய மின்சாரப் போர் முழங்கினார்கள். ஓரலகுக்கு முதல் ஏழாண்டு 22 ரூபா, பின் 15 ரூபா 50 சதம் என்றனர். 2025க்குள் 1,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தனர். மக்கள் கடன்பட்டுத் தகடு வாங்கினார்கள். கூரைகள் இலக்கைத் தாண்டின. தகடு வாங்கத் திட்டம் இருந்தது. பகல் வெளிச்சத்தை இரவுக்குச் சேமிக்கும் பற்றரிக்குத் திட்டம் எங்கே? ஊர்தோறும் மின்தொகுதியைக் கண்காணித்து, கூட்டியும் குறைத்தும் நடத்தும் கருவிக்கும், அக்கருவியை அறிந்த ஆளுக்கும் திட்டம் எங்கே? பொருளை வாங்கினோம், தொழிலை வாங்க மறந்தோம். இதுதான் நோய். குரங்கு ஒரு சாட்டு.

மாத்தளை கொடுத்ததும் பெற்றதும்

இந்நோய் மாத்தளைக்குப் புதிதன்று. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, எட்டுக் கிலோமீற்றர் அளவில் மலையைக் குடைந்து, அந்நீரை உக்குவளையில் வீழ்த்தி மின்சாரம் எடுத்தது 1976இல். வீழ்ந்த நீர் சுது கங்கையில் சேர்ந்து, மாத்தளைப் பள்ளத்தாக்கு வழியே வடக்கே ஓடி, போவத்தென்னையில் மீண்டும் தேங்குகிறது. அங்கே 1981இல் மற்றொரு மின்நிலையம். அதற்கும் கீழே மொறகஹகந்த. 2018இல் அங்கும் 25 மெகாவாட். உக்குவளையும் போவத்தென்னையும் ஒவ்வொன்றும் 40 மெகாவாட் அளவு. ஆக, ஒரே நீர் ஒரே மாவட்டத்தில் மூன்றிடத்தில் சுழலி சுற்றி, அதன்பின் உலர்வலயத்து வயல்களுக்குப் போய்ச் சோறாகிறது. அரை நூற்றாண்டாக இந்தக் கொடை நடக்கின்றது.

கொடுத்த மாவட்டம் பெற்றதென்ன? அரை நூற்றாண்டு நீர்மின் நிலையங்களின் நிழலில் வாழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், பலாபத்வலவிலோ எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ, சுழலியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த தோட்டப் பிள்ளைகள் எத்தனை பேர்? கூரையில் தகடு பூட்ட வண்டி கொழும்பிலிருந்து வருகிறது. ஏணி பிடிப்பவன் நம்மூர்ப் பையன், அவனுக்கு நாட்கூலி. கம்பி முடிச்சிடுபவனும் கணக்குப் பார்ப்பவனும் வெளியூரான். வேலை முடிந்தால் வண்டி போய்விடும். இன்வேட்டர் ஒரு மாதத்தில் பழுதானால் தொலைபேசியில் அழுதுகொண்டிருக்க வேண்டியதுதான். தோட்ட லயத்துப் பிள்ளை பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்புக் கடைக்கும் வளைகுடா நாட்டுக்கும் போகிறான். அவன் வீட்டுக்கு மேலே வெயில். வீட்டுக்குக் கீழே ஆறு. முற்றத்தில் மிளகுக்கொடி ஏறும் கிளிசிரியா மரம். மூன்றும் மின்சாரம். அவனுக்கு மூன்றும் அயல்.

கிளிசிரியா என்றதும் சிலர் புன்னகைப்பர். புன்னகைக்க வேண்டா. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காம் பெருந்தோட்டப் பயிராக 2005இலேயே அரசு அறிவித்த மரம் அது. கிளையை வெட்ட வெட்டத் தழைக்கும்; இலை பசளையாகும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும்; தடி கொதிகலனுக்கு விறகாகும். மிளகுத் தோட்டம் மிகுந்த மாத்தளையில் அதற்கு விளம்பரம் வேண்டியதில்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே இருக்கிறது. விறகும் இருக்கிறது, அறிஞரும் இருக்கின்றனர். அறிவிப்பு வந்து இருபதாண்டு சென்றும், அந்த விறகை மின்சாரமாக்கும் கைத்தொழிலை நம் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் சொல்லிக்கொடுக்க ஒரு பட்டறை எழவில்லை.

தோட்டங்களுக்கு இத்தொழில் ஒருகாலத்தில் தெரிந்திருந்தது என்பதே கொடுமை. மலைநாட்டுத் தேயிலை ஆலைகளில் நூற்றுக்கணக்கான சிறு நீர்ச்சுழலிகள் ஓடின. இங்கிலாந்தின் கென்டல் நகரத்துக் கில்க்ஸ் கம்பனியின் இரும்பு இன்னும் சில ஆலைகளின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதற்கு எண்ணெய் விட்டவனும், மதகு திறந்தவனும், சத்தம் கேட்டே பழுதைச் சொன்னவனும் நம் தொழிலாளியே. தேசிய மின்கம்பி வந்தது, சுழலிகள் கைவிடப்பட்டன. அந்தத் தொழிலாளியின் அறிவை எழுதி வைப்பார் இல்லை. அவன் மகனுக்கு அது போகவில்லை. பின்னர் 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் மலையோரக் கிராமங்கள் சங்கம் அமைத்து, ஓடை நீரை மறித்து, வீட்டுக்குச் சில மின்குமிழும் ஒரு தொலைக்காட்சியும் ஓடுமளவு மின்சாரம் தாமே எடுத்தன. உலக வங்கிக் கடன் திட்டமும் அதற்கு உதவிற்று. அழகான முயற்சி! மீண்டும் தேசியக் கம்பி வந்தது. அவற்றிலும் பல நின்றன. கம்பி வரும்போதெல்லாம் கைத்திறன் சாகிறது. இதனைக் கண்ட பின்னும், இப்பொழுது கடல் கடந்து வரும் பெருங்கம்பியைப் பற்றி நாம் வாய்மூடி இருப்பதா?

ஐரோப்பா எழுதிய ஒரு பிரிவு

பிராந்திய ஒத்துழைப்புக்கு ஐரோப்பாவைப் பாருங்கள் என்று ஆட்சியாளர் அடிக்கடி சொல்வர். பார்ப்போம். நன்றாகவே பார்ப்போம்.

1951 ஏப்பிரல் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் ஆறு நாடுகள் கூடின: பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். பிரான்சும் ஜெர்மனியும் 1870இலும் 1914இலும் 1939இலும் மும்முறை போரிட்டு ஒன்றையொன்று குதறிய பகைவர்கள். அவர்கள் முதலில் இணைத்தது எதை? கொடியையா, நாணயத்தையா? நிலக்கரியையும் உருக்கையும். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வித்து அதுதான். அந்த உடன்படிக்கையின் 56ஆம் பிரிவைப் பற்றி நம் அமைச்சர்கள் மேடையில் பேசுவதில்லை. புதிய பொறியும் புதிய தொழில்முறையும் வந்து வேலையிழக்கும் தொழிலாளிக்கு, மறுவேலை கிடைக்கும்வரை படியும், இடம் பெயரச் செலவும், புதுத்தொழில் கற்கச் செலவும் கொடுக்க வழிசெய்த பிரிவு அது. நிலக்கரியைப் பற்றிய ஒப்பந்தத்திலேயே நிலக்கரி வெட்டும் மனிதனும் எழுதப்பட்டான். பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடவில்லை.

அந்த மரபு அறுந்துவிடவில்லை. ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் போட்ராப் நகரில் மூடப்பட்டது. நிலக்கரியை நம்பி வாழும் மாவட்டங்களுக்கென்று 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் தனி நிதி ஒன்றை நிறுவியது. 2018ஆம் ஆண்டு விலைமதிப்பில் 1,750 கோடி யூரோ. 2024 ஜூனில் சூரியத் தொழிலுக்கென ஒரு பயிற்சிக் கழகம் தொடங்கி, மூன்றாண்டில் ஒரு இலட்சம் தொழிலாளருக்குப் பயிற்சி என்று குறி வைத்தது. எங்கே சுரங்கம் மூடுகிறதோ அங்கே பயிற்சி வேண்டும். எங்கே கடலில் காற்றாலை எழுகிறதோ அக்கரைத் துறைமுகத்தில் பட்டறை வேண்டும் என்பது அவர்களின் பேச்சு. பேச்சுக்கும் செயலுக்கும் அங்கும் இடைவெளி உண்டு. ஆனால் பேச்சாவது உண்டு!

ஐரோப்பாவை நாம் கோயிலாக்கவில்லை. நம் மலைகளை மொட்டையடித்து, நம்மவரை லயத்தில் அடைத்துச் செல்வம் சேர்த்தவர்களும் அவர்களே. அவர்களும் வழுக்கினார்கள். கூரைதோறும் தகடு பூட்டப் பணத்தை வாரி இறைத்த ஜெர்மனி, தகடு செய்யும் தொழிலைச் சீனத்திடம் பறிகொடுத்தது. ஒருகாலத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற கியூ-செல்ஸ் கம்பனி 2012இல் நொடித்தது. வாங்குவதற்கு மானியம் கொடுத்துத் தொழிலைக் காக்கத் தவறினால் என்னாகும் என்பதற்கு அதுவே சான்று. நாம் அவ்வழுக்கலைப் பின்பற்றினோம். 56ஆம் பிரிவைப் பின்பற்றவில்லை.

இன்னோர் உதாரணம் நமக்கு நெருக்கமானது. உக்குவளையில் சுழலி சுற்றத் தொடங்கிய அதே 1976-77இல் நோர்வேக்கும் டென்மார்க்குக்கும் இடையே கடலடிக் கம்பி போட்டார்கள். நோர்வே மலைநாடு, அணைகள் நிறைந்தது. டென்மார்க் சமவெளி, இன்று காற்றாலை நிறைந்தது. டென்மார்க்கில் காற்று மிகும்போது மின்சாரம் நோர்வேக்குப் போகும். நோர்வே தன் அணை நீரைத் திறவாது தேக்கி வைக்கும். காற்று ஓய்ந்தால் மதகு திறக்கும். மின்சாரம் திரும்பி வரும். ஒருவர் காற்று மற்றவர் அணையில் சேமிப்பாகிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் சுழலும் தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் ஆற்றல் பதினாயிரம் மெகாவாட்டைத் தாண்டியது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே காற்று பேய்போல் வீசும். நம்மிடம் மலையும் அணையும் உண்டு. இடையில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் சுமார் 30 கிலோமீற்றர் கடல். இப்பொருத்தத்தைக் காண வானசாத்திரம் வேண்டியதில்லை.

ஆனால் நம் அணை நீர் முதலில் வயலுக்குரியது. சுழலி அதற்குப் பின்தான். நோர்வேக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்நாள் தேக்குவது, எந்நாள் திறப்பது, கலாவெவ விவசாயிக்கு எவ்வளவு, மதுரைக்கு விற்க எவ்வளவு என்று நாள்தோறும் வழக்கு வரும். அவ்வழக்கைத் தீர்க்கும் அறிவு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே ஆறும் இருக்கும். அது தொலைவிலுள்ள ஒரு கட்டுப்பாட்டறையில் மட்டும் இருந்தால், மாத்தளைக்காரன் தன் ஆற்றின் கரையில் நின்று வேடிக்கைதான் பார்ப்பான்.

ஒப்பந்தங்களின் அணிவகுப்பு

நம் பகுதியிலும் காகிதத்துக்குக் குறைவில்லை. சார்க் ஆற்றல் நிலையம் 2006இல் இஸ்லாமாபாத்தில் தொடங்கிற்று. 2014 நவம்பரில் காத்மண்டுவில் மின்சார ஒத்துழைப்பு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதற்குப்பின் சார்க் உச்சி மாநாடே கூடவில்லை! 2018இல் அதே காத்மண்டுவில் வங்காள விரிகுடா நாடுகள் மற்றொரு மின்னிணைப்பு ஒப்பந்தம் செய்தன. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே மதுரை–அனுராதபுரம் கம்பிக்கு 2010 ஜூனிலேயே ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதப்பட்டது. 2025இல் எழுதியது அதன் தம்பி. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு நேபாளம் சாட்சி: 2024 நவம்பரில் இந்தியக் கம்பி வழியே வங்காள தேசத்துக்கு 40 மெகாவாட் அனுப்பிக் காட்டிற்று.

மக்களை விட்டுவிட்டு எழுதிய ஒப்பந்தங்களின் கதியையும் பார்த்தோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கம்பனிக்குப் போனது, இந்தியா முகம் சுளித்தது, திட்டம் நின்றது, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் பெங்களூர்க் கம்பனி ஒன்றுக்கு மாறிற்று. யார் கட்டுவது என்று இரு பேரரசுகள் மோதின. கட்டியதைத் திருத்தப் போவது யார், நெடுந்தீவு இளைஞனா, கப்பலேறி வரும் வல்லுநனா என்ற கேள்வி அம்மோதலில் எங்கும் கேட்கவில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை என்று வந்த அதானி கம்பனி 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கெதிராக வீதிக்கு வந்தனர். அவர்கள் காற்றுக்குப் பகைவரா? கேளாமல் வந்து காற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதற்குப் பகைவர். அந்தக் காற்றாலைகள் மன்னார்ப் பிள்ளைகளுக்குத் தொழில் தந்து, இலாபத்தில் ஊருக்குப் பங்கும் தந்திருந்தால் அந்தப் போராட்டத்தின் முகமே வேறாக இருந்திருக்கும் என்று நாம் நம்புகின்றோம்.

தென்னிலங்கையில் சிலர், கம்பி வந்தால் நாடே இந்தியாவின் பிடிக்குள் போய்விடும் என்று கூச்சலிடுகின்றனர். அச்சத்தை நாம் முற்றாகத் தள்ளவில்லை. சிறுநாடு பெருநாட்டோடு உடன்படிக்கை செய்யும்போது விழிப்பு வேண்டும். ஆனால் விழிப்பென்பது கம்பியை வெட்டுவதா? விலையைத் தெரிந்து, பொறியைத் தெரிந்து, கணக்கைத் தெரிந்து எதிரே உட்காரத்தக்க ஆட்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்குவதே விழிப்பு. அறியாதவன் கையில் கம்பி இருந்தாலும் அடிமை, இல்லாவிட்டாலும் அடிமை. நிலக்கரிக் கப்பலுக்குக் காத்துக்கிடந்த 2022இல் நாம் யாருக்குச் சுதந்திரர்?

வேறு சிலர் தேன் ஒழுகப் பேசுவர்: கம்பனிகள் வரட்டும், அவையே பயிற்சி கொடுக்கும் என்று. ஏணி பிடிக்கப் பயிற்சி கொடுக்கும், ஐயா! பலாபத்வலவில் நாம் காண்பது அதுதான். இலாபம் தேடி வருபவன் தனக்கு வேண்டிய அளவுக்குமேல் ஏன் கற்பிக்கப் போகிறான்?

விமலசுரேந்திரவின் முப்பத்திரண்டு ஆண்டு

நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இல் கொழும்பில் பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். வெள்ளை அதிகாரிகள் உதட்டைப் பிதுக்கினர். லக்சபானவில் மின்சாரம் பிறந்தது 1950இல். அவருடைய கனவுக்கும் விளக்குக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டு. அடிமை நாட்டில் அது நடந்தது, பொறுக்கலாம். கடல்கம்பிப் பேச்சு 2010இலிருந்து கணக்கிட்டாலும் பதினைந்து ஆண்டுகளைத் தின்றுவிட்டது. இந்தப் பதினைந்து ஆண்டில் ஒரு பட்டறை தொடங்கியிருந்தால், அன்று பத்து வயதாக இருந்த பலாபத்வலப் பிள்ளை இன்று பிறருக்குக் கற்பிக்கும் ஆசானாகியிருப்பான். கம்பி தாமதித்தால் பிறகு போடலாம். ஒரு பிள்ளையின் பதினெட்டு வயது மறுபடி வருமா?

நாம் கேட்பது மாளிகையன்று. மாத்தளை மாவட்டத்தில், வடபாதையோரம், பலாபத்வலவை அண்டி, ஒரு பசுமை ஆற்றல் தொழிற்கூடம். மூடிக் கிடக்கும் ஆலைக் கட்டிடம் ஒன்று கிடைத்தாலும் போதும். தமிழிலும் சிங்களத்திலும் பாடம். முடித்தவனுக்கு நாடெங்கும் செல்லும் தேசியத் தொழிற்றகைமைச் சான்று. சூரியத் தகடு, பற்றரி, சிறு நீர்ச்சுழலி, விறகுக் கொதிகலன், மின்தொகுதிக் கண்காணிப்பு ஆகிய ஐந்தும் அங்கே கற்பிக்கப்படவேண்டும். உக்குவளை, போவத்தென்ன, மொறகஹகந்த மூன்றும் கைதொடும் தூரத்தில் இருக்க, செய்முறைப் பாடத்துக்கு இவ்விடத்தைவிட வேறெந்த இடம் வேண்டும்? இந்தச் சிற்றூரிலா என்று கேட்பவர், ஆறு எந்தச் சிற்றூர் வழியாக ஓடுகிறதென்று முதலில் போய்ப் பார்த்து வரட்டும்.

தமிழ்நாட்டுக்கும் ஒரு சொல். சென்னைப் பள்ளிக்கரணையில் 1998 முதல் காற்றாற்றலுக்கென்று இந்திய நடுவணரசின் நிறுவனம் இருக்கிறது. பல நாட்டுப் பொறியியலாளரும் அங்கே வந்து பயில்கின்றனர். முப்பந்தலில் காற்றாலைத் தூணேறி வேலை செய்யும் தொழிலாளி தமிழ் பேசுகிறான். அவன் அறிந்ததை மாத்தளைப் பிள்ளைக்குச் சொல்ல மொழிபெயர்ப்பாளன் வேண்டியதில்லை. சிங்களப் பிள்ளையும் அவன் பக்கத்தில் நின்று கைப்பழக்கத்தால் கற்பான். பட்டறையில் மொழிச் சண்டை நெடுநாள் நீடிப்பதில்லை. ஆண்டுக்கு நூறு பேரை இங்கிருந்து அங்கும், பத்து ஆசான்களை அங்கிருந்து இங்கும் அனுப்பக் கம்பிச் செலவில் எத்தனை பங்கு ஆகிவிடும்? கடலடியில் போடும் ஒரு கிலோமீற்றர்க் கம்பியின் விலையோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கட்டும், கணக்குப் பிள்ளைகள்.

2025 ஏப்பிரலில் கையொப்பமானது புரிந்துணர்வு ஒப்பந்தமே. பாதை, விலை, பங்கு ஆகியவற்றைப் பேசும் முழு உடன்படிக்கை அதன்பின் எழுதப்படவேண்டியது. அதிலே தொழிற்பயிற்சிக்கென்று ஒரு பிரிவு இருக்கவேண்டும். அதற்கான பணமும், இடமும், பாடமொழியும் அப்பிரிவிலேயே எழுதப்படவேண்டும். இணைப்பு நடக்கத் தொடங்கும் நாளுக்கு முன்னரே தொழிற்கூடம் நடக்கத் தொடங்கியிருக்கவேண்டும். மாத்தளை மக்களின் வாக்குப் பெற்றுப் பாராளுமன்றம் சென்ற உறுப்பினர்களை, எந்தக் கட்சியினராயினும், இதோ கேட்கின்றோம்: அந்த உடன்படிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது, பயிற்சிப் பிரிவு எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று எழுந்து நின்று கேட்பீர்களா, கேட்கமாட்டீர்களா?